இலையின் மஞ்சளும் அதன் காரணமும்: மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை முன்வைத்து

ஓர் இலை மஞ்சளாகின்றது. அதற்குக் காரணம் யாது என்ற வினா தாவரவியலாளருக்கு மாத்திரமே உரியது எனக் கருதுவது வழக்கம். இலங்கையின் மலைநாட்டு வரலாற்றைப் பயில்வோர் அவ்வாறு கருதி அமைய முடியாது. 1869ஆம் ஆண்டிற்கும் 1890ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்திற் கோப்பி மரத்தின் இலைக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்வதில் வங்கிகளும் தோட்டத் துரைமாரும் ஆள்பதி அலுவலகமும் ஒருசேர ஈடுபட்டிருந்தன. அவரவர் கண்ட காரணம் அவரவர் நலனுக்கு இசைவாகவே இருந்தது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவராகிய நாம் தாவர நோயைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மலையகத்தின் நாட்டார் பாடலையோ புனைகதையையோ அதன் பொருளியல் அடித்தளத்தினின்று பிரித்து ஆராய முடியாது என்று கூறிவரும் நாம், அவ்வடித்தளம் ஒருமுறை முற்றாக மாறிய காலத்தை நோக்காது விடுதல் பொருந்தாது.

முதலில் இலையை நோக்குவோம். இலையின் குறிகளைக் கொண்டு காரணத்தைக் காண்பதற்கு எளிய வினாக்கள் சில உள. மஞ்சளாகியது முதிர்ந்த இலையா, இளந்தளிரா? நரம்புகளும் மஞ்சளாகினவா, அன்றி நரம்பு பசுமையாயிருக்க இடைப்பகுதி மட்டும் வெளிறியதா? இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்திற் காண்பது யாது? செடிக்கு நைதரசன் போதாவிடின் முதிர்ந்த இலைகளே முதலில் ஒரேசீராக வெளிறும். இளந்தளிருக்குத் தேவையானதைச் செடி தன் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவதே இதற்குக் காரணம். மகனீசியக் குறைவும் முதிர்ந்த இலையிலேயே தோன்றும். ஆனால் நரம்புகள் பசுமையாயிருக்க, அவற்றின் இடைவெளி மஞ்சளாகும். பொற்றாசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் விளிம்பு தீய்ந்தது போலாகும். இரும்பின் நிலைமை வேறு. அது ஓரிலையிலிருந்து மற்றோரிலைக்கு எளிதிற் பெயர்வதில்லை. எனவே அதன் குறைவு தளிரில் முதலில் வெளிப்படும். இவை யாவும் பட்டினியின் குறிகள். பட்டினியின் குறி பொதுவாக இலையின் இரு பாதியிலும் ஒத்த ஒழுங்கிற் காணப்படும். ஒட்டுண்ணியின் குறி அவ்வாறன்று. அது விழுந்த இடத்திற் புள்ளியாகத் தொடங்கி ஒழுங்கின்றிப் பரவும்.

இவ்வறிவு தோட்டக்காரரின் அனுபவத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. 1860களில் ஜேர்மனியில் யூலியஸ் சாக்ஸ், குனொப் ஆகியோர் மண்ணை முற்றாக அகற்றிவிட்டு, கனியுப்புகள் கரைந்த நீரிற் செடிகளை வளர்த்தனர். கரைசலிலிருந்து ஒரு மூலகத்தை விலக்கினால் இலையில் யாது நிகழும் என்பதை அதன்மூலமே திட்டவட்டமாகக் காண முடிந்தது. இந்நீர்வளர்ப்பு இருபதாம் நூற்றாண்டிற் பெருந்தொழிலாயிற்று. இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் இடங்கொடுக்கும் இடங்களிற் கூரைக்குள் மின்னொளியில் வளர்க்கப்படும் கஞ்சாச் செடியின் இலை மஞ்சளாகும்போது, அதனை வளர்ப்போர் கேட்பது மேற்கூறிய வினாக்களையே. அங்கு அடிக்கடி நேரும் ஒரு நிலை நமது கவனத்துக்குரியது. கரைசலில் இரும்பு போதியளவு இருக்கும். கரைசலின் காரத்தன்மை கூடிவிட்டதால் வேரால் அதனை உறிஞ்ச முடியாதிருக்கும். உணவின் நடுவே செடி பட்டினி கிடக்கும். இருப்பின் அளவை மட்டும் கணக்கிடுவோர் இதனை ஒருபோதும் கண்டுகொள்ளார். மனிதரின் பஞ்சங்களைப் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று.

கோப்பி இலையில் 1869இற் கண்டது வேறொன்று. அவ்வாண்டு ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் முதலில் அவதானிக்கப்பட்ட அந்நோயில், இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டது போன்ற வெளிறிய மஞ்சட்புள்ளி தோன்றிற்று. இலையைத் திருப்பினால், அதே இடத்தின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருக்கும். விரலால் தடவினால் தூள் விரலில் ஒட்டும். புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர, இலை உதிர்ந்துவிடும். மரம் உடனே இறப்பதில்லை. மீண்டும் தளிர்க்கும், மீண்டும் உதிர்க்கும், காய் தாங்கவேண்டிய கிளைகள் நுனியிலிருந்து காயும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்திற் சோதித்த பாதிரியார் பேர்க்கிலி, இது ஒரு பங்கசு என அவ்வாண்டே அறிவித்து, ஹெமிலீயா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். முற்பகுதி அதன் வித்தியின் ஒருபுறம் மழமழப்பாயும் மறுபுறம் சுணைகொண்டும் இருப்பதைக் குறிக்கும். பிற்பகுதி, பாழாக்குவது எனப் பொருள்படும். இதே பேர்க்கிலிதான் 1846இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழிவுக்குப் பங்கசே காரணம் என வாதிட்டு, அது காரணமன்று, அழுகலின் விளைவே என்று கூறியோரோடு முரண்பட்டவர். இரண்டு குடியேற்ற நாடுகளில், தனிப்பயிரொன்றை நம்பிய இரண்டு பொருளாதாரங்கள் சரிந்தபோது, இலையைப் பரிசோதித்தவர் ஒருவரே என்பது தற்செயலாயினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயர் கிடைத்தது, நோயறிதல் நிறைவுறவில்லை. அயர்லாந்திற் கேட்ட அதே வாதம் கண்டிச் சீமையிலும் எழுந்தது. பங்கசு விளைவு மாத்திரமே, மரம் நலிந்ததால் வந்தது. மண் களைத்துவிட்டது, மழை பருவந் தவறியது, கவ்வாத்து சரியில்லை எனப் பலவாறு பேசப்பட்டது. இவற்றுள் மண் களைத்தது என்ற விளக்கமே துரைமாருக்கு மிகவும் ஏற்புடையதாயிருந்தது. ஏனெனில் அதற்கு மருந்து உண்டு. எலும்புத்தூளும் ஆமணக்குப் புண்ணாக்கும் மாட்டெருவும் இடப்பட்டன. மண்ணை முள்ளுக்குத்திக் கிளறினர். ஒட்டுண்ணியின் நோயைப் பட்டினியின் நோயாக வாசித்தமை இது. எருவிட்டதும் மரம் தளிர்த்தது உண்மையே. அத்தளிர்கள் பங்கசுக்குப் புதிய விளைநிலமாயின.

எனினும் மண் களைத்தது என்பதை முழுப் பொய்யென ஒதுக்கிவிட முடியாது. காட்டை எரித்து, செங்குத்தான சரிவுகளில் நிழல் மரமின்றி நட்டு, களை என்ற பெயரில் நிலத்தை வெறுமையாக வழித்துவைத்த முறையினால் மேல்மண் மழையோடு ஓடியது. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில், லீபிக்கின் மண்ணாய்வை ஆதாரமாகக் கொண்டு, முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பாளியைச் சூறையாடும் கலையின் முன்னேற்றமாக மட்டுமன்றி மண்ணைச் சூறையாடும் கலையின் முன்னேற்றமாகவும் அமைகின்றது என மார்க்ஸ் கூறியிருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரே மடுல்சீமையில் இலை மஞ்சளாகிற்று. துரைமார் கண்ட அரை உண்மையில் மண்ணின் களைப்பு இருந்தது. மண்ணைக் களைக்கச் செய்தவர் எவர் என்பது இருக்கவில்லை.

பத்தாண்டுகளின் பின்னரே அரசு முறையான ஆராய்ச்சிக்கு வழிசெய்தது. 1870களின் இறுதியில் டானியல் மொறிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பரீட்சித்தார். 1880இல் இருபத்தாறு வயது இளைஞரான ஹரி மார்ஷல் வோர்ட் அனுப்பப்பட்டார். நீர்வளர்ப்பை நிலைநாட்டிய சாக்ஸின் ஆய்வுகூடத்திற் பயின்றுவிட்டு வந்தவர் அவர் என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. செடியின் பட்டினியை நன்கறிந்த பள்ளியிலிருந்து வந்தவரே, கோப்பியின் நோய் பட்டினி அன்று என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். அவரது முறை பொறுமையானது. வித்தி இலையின் மேல் விழுவதால் மட்டும் தொற்று நேராது. அங்கு நீர்த்துளி இருத்தல் வேண்டும். துளியில் வித்தி முளைத்து, நுண்ணிய குழாயொன்றை நீட்டி, அடிப்புறத்து இலைவாய் வழியே உட்புகுகின்றது. உள்ளே இழைகளாகப் பரவி, இலையின் கலங்களிலிருந்து உணவை உறிஞ்சி, ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின் மீண்டும் இலைவாய் வழியே புதிய வித்திகளை வெளித்தள்ளுகின்றது. கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்று கொண்டுவரும் வித்திகளை அவற்றிற் பிடித்து, நோய் காற்றோடு பரவுவதையும் காட்டினார்.

இக்கண்டுபிடிப்பை மாத்தளையின் நிலத்தோற்றத்தோடு பொருத்திப் பார்த்தால் அதன் முழுப்பொருளும் விளங்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் றத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கங்கள் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையையும் மூடுபனியையும் நேரே ஏற்பவை. ஐப்பசி தொடங்கித் தை வரை இலையில் ஈரம் உலராது. அதே மாதங்களையொட்டியே கோப்பிப் பழப் பறிப்பும் நிகழும். ஈரமும் காற்றும் இருக்க, ஒரு தோட்டத்தின் எல்லையில் மற்றொன்று தொடங்க, ஒரே இன மரம் மலைக்கு மலை இடைவெளியின்றி நின்றது. பங்கசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வோர்ட்டும் இதனையே சுட்டினார். இடையிடையே மரவரிசைகள் காற்றைத் தடுக்கவேண்டும் என்றார். ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் இடைவிடாது நட்டமையே சிறு பங்கசொன்றைப் பெருநோயாக்கியது என விளக்கினார். துரைமார் எதிர்பார்த்தது மருந்தொன்றின் பெயரை. அவருக்குக் கிடைத்ததோ தோட்டமுறையைப்பற்றிய தீர்ப்பு. 1882இல் வோர்ட் நாடு திரும்பியபோது அவர்மீது தோட்டக்காரருக்குப் பெரும் மனநிறைவு இருந்ததெனக் கூற முடியாது. அறிவியலின் வரலாற்றில் அவர் தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகின்றார்.

பதினோராண்டுகள் நோயைக் காணாதிருக்கத் துரைமாருக்கு எவ்வாறு முடிந்தது? விடை சந்தையில் உள்ளது. நோய் தோன்றிய காலத்தை அடுத்து, 1870களில், உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தது. ஏக்கருக்கு நான்கு அந்தருக்கு மேற்பட்டிருந்த சராசரி விளைச்சல் அப்பத்தாண்டின் இறுதியில் இரண்டு அந்தரளவுக்கு வீழ்ந்தது. ஆயினும் குறைந்த விளைச்சல் கூடிய விலைக்கு விற்றது. எனவே நோயுற்ற மரத்தைக் கைவிட்டு மேலும் உயர்ந்த காடுகளை அழித்து நட்டனர். 1878இற் கோப்பி நிலம் சுமார் 275,000 ஏக்கராக விரிந்து உச்சத்தை அடைந்தது. நோய் பரவிய அதே ஆண்டுகளிலேயே அதற்கான இரையும் பெருக்கப்பட்டது. பயன்மதிப்புச் சுருங்க, மாற்றுமதிப்பு அச்சுருக்கத்தை மறைத்து நின்றமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம். பின்னர் பிரேசில் கோப்பி சந்தையை நிறைத்தது, விலை வீழ்ந்தது, மறைப்பு விலகிற்று. 1870ஆம் ஆண்டளவிற் பத்து லட்சம் அந்தரை எட்டிய ஏற்றுமதி, 1890ஆம் ஆண்டளவில் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. அதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த கோப்பி அப்போது மரணப்படுக்கையில் இருந்தது.

இலையின் நோய் எவர்மீது இறங்கிற்று என்பதை இனி நோக்கலாம். மாத்தளை, தோட்டங்களின் ஊர் மட்டுமன்று, வழியின் ஊருமாகும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதையாற் காடுகளினூடே தம்புள்ளை வழியாக நடந்து வந்தோர் மலைநாட்டினுள் நுழைந்த வாயில் அதுவே. வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் தொகை பெரிது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சம் முன்னொருபோதும் இல்லாத கூட்டத்தை அவ்வழியே தள்ளிற்று. அவர்கள் வந்துசேர்ந்த மரங்களோ இலையுதிர்த்துக்கொண்டிருந்தன. பழமில்லாத தோட்டத்திற் பறிப்புக்கூலி இல்லை. கடனிலிருந்த துரை தோட்டத்தைக் கைவிட்டபோது, பல மாதக் கூலி நிலுவையாயிற்று. கங்காணியிடம் பெற்ற முற்பணம் மட்டும் கணக்கில் நின்றது. 1884இலும் 1889இலும் கூலி கொடுப்பனவு பற்றிச் சட்டமியற்ற வேண்டி நேர்ந்தமையே அந்நிலுவைகளின் பரப்பை உணர்த்தப் போதுமானது.

சிங்களக் கிராமத்தவரும் தப்பவில்லை. வீட்டுத்தோட்டத்திற் கோப்பி வளர்த்து விற்ற கண்டிய விவசாயியின் பங்கு, நோய்க்கு முந்திய ஏற்றுமதியிற் சிறிதன்று. அக்காசைக் கொண்டே அவன் நெல்வரியைச் செலுத்தினான். கோப்பி மடிந்ததும் வரி செலுத்த வழியற்று வயல்கள் ஏலத்திற் போயின. 1880களில் வலப்பனைப் பகுதியிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. நெல்வரி 1892இலேயே நீக்கப்பட்டது. 1848இல் மாத்தளையிற் கிளர்ச்சி செய்து கச்சேரியைத் தாக்கியவர்களின் பிள்ளைகளே இவர்கள் எனலாம். தோட்டத் தொழிலாளியும் கிராமத்து விவசாயியும் ஒரே இலையால் அழிந்தனர். எனினும் இருவரையும் எதிரெதிராக நிறுத்தும் வரலாறே நமது பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றது.

இக்காலத்தின் இலக்கியச் சான்றொன்றையும் இங்கு குறிப்பிடுதல் பொருத்தமாகும். ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி, ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறிய ஆண்டு 1869. மலையகத் தமிழிலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் தொடக்க நூல்களுள் ஒன்றாக இதனைக் கொள்வர். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் உழைப்போர் வாயில் இடுவதே அதன் நோக்கு. தோட்ட நிருவாகத்தின் குரலே அதில் ஓங்கி நிற்கின்றது. பயிரின் பெருமை அச்சாகிய அதே ஆண்டிற் பயிரின் அழிவும் தொடங்கியது. அச்சேறாத வாய்மொழிப் பாடல்களிலோ கங்காணியும் கடனும் அட்டையும் நடைவழிச் சாவுமே பாடுபொருள்களாயின. அவற்றைத் தேடித் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். அரச அறிக்கைகளை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் பொருளியல் வரலாற்றாசிரியருக்கு இப்பாடல்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். நமக்கு அவை மற்றொரு நோயறிதல் அறிக்கை.

கோப்பியின் இடத்தைச் சிறிதுகாலம் சிங்கோனா பிடித்தது. பின் தேயிலை நிலைபெற்றது. மாத்தளையிற் கொக்கோவும் இறப்பரும் மிளகும் கூடவே வந்தன. இம்மாற்றத்தைப் பயிர்மாற்றமாக மட்டும் கூறிச் செல்வது போதாது. கோப்பிக்குப் பழப்பருவத்தில் மட்டுமே ஆட்கள் பெருந்தொகையாய் வேண்டியிருந்தது. பலர் பருவம் முடிந்ததும் தம் ஊருக்கு நடந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். பருவகால நடைப்பயணம் நின்று, லயன்களிற் குடும்பமாக நிலைத்த வாழ்வு தொடங்கியது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் உழைப்பு தோட்டத்தின் அச்சாணியாயிற்று. மலையக மக்கள் இம்மண்ணின் நிலையான குடிகளாயினமைக்குப் பின்னணியிற் கோப்பி இலையின் அடியிற் படிந்த செம்மஞ்சட் தூளும் உண்டு. அவர்களை வந்துபோகும் தற்காலிகக் கூலிகள் எனப் பிற்காலத்தில் வாதிட்டோர், 1880களில் முடிந்துபோன கோப்பிக்காலத்து உறவையே இருபதாம் நூற்றாண்டின் தேயிலைத் தோட்டத்தின்மேல் ஏற்றிக் கூறினர்.

கோப்பி முற்றாக மறைந்துவிடவில்லை. மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையம் அதனையும் தன் பயிர்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. 1920களில் திமோர்த் தீவிற் கண்டெடுக்கப்பட்ட இயற்கைக் கலப்பினத்தின் வழிவந்த, நோயை ஓரளவு தாங்கும் இனங்கள் சிறு விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. மிளகுக்கொடியும் பாக்கும் பலாவும் கலந்த வீட்டுத்தோட்டங்களில் அங்குமிங்குமாக நிற்கும் கோப்பிச்செடியின் இலையைத் திருப்பினால் அப்பழைய தூளை இன்றும் காணலாம். அங்கு அது ஒரு நோய், பேரழிவன்று. 1970இற் பிரேசிலையும், 2012ஐ அடுத்து மத்திய அமெரிக்காவின் பரந்த தோட்டங்களையும் அதே பங்கசு தாக்கியபோது விளைவு வேறாயிருந்தது. வோர்ட்டின் அறிக்கைக்கு இதைவிட விளக்கவுரை வேண்டுவதில்லை.

தேயிலைக்கும் இலைநோய் வந்தது. 1946இற் கொப்புள நோய் இலங்கைத் தோட்டங்களிற் பரவியது. இம்முறை தாக்குண்டது இளங்கொழுந்து, அதாவது சந்தைக்குச் செல்லும் பண்டமே. பதினோராண்டு தாமதம் இம்முறை நேரவில்லை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் உடனே முனைந்தது. நோயின் குறிகள் விளக்கப்பட்டன, நிழல் மரங்கள் தறிக்கப்பட்டன, செப்புக் கரைசல் தெளிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நோய் கட்டுக்குள் வந்தது. அதே சில ஆண்டுகளுள், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும், அக்கொழுந்தைப் பறித்தோரிற் பெரும்பான்மையினர் நாடும் வாக்கும் அற்றவராயினர்.